தத்துவமே படிக்காதவர்களுக்கு அறவியலை எங்கிருந்து தொடங்கலாம்?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை செல்லூரில் ஒரு தையல் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடிப் படிக்கிறோம். தறி ஓட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லாம் கலந்த கூட்டம். இத்தனை நாளும் கதை, கட்டுரை என்று போனது, அடுத்து அறவியல் என்று முடிவாகிவிட்டது. எப்படித் தொடங்குவது என்பதில்தான் தகராறு. சாக்ரடீஸில் ஆரம்பித்து வரிசையாக வரலாம் என்கிறார்கள் பாதிப் பேர். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பெயரும் ஆண்டும் முதலில் வந்தால் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஒப்பித்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விடுவோம். வருகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வீட்டிலும் கடையிலும் நியாயம் அநியாயம் பேசி மல்லுக்கு நிற்கிறவர்கள்தான். அப்போது அவர்கள் சொல்கிற காரணங்கள் ஒரே ரகமில்லை, அந்த வித்தியாசத்தைக் கண்ணில் காட்டிவிட்டாலே போதும், மீதியை அவர்களே தேடிப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது பூக்காரம்மா உதாரணம். சரத்தை முழங்கையில் பிடித்து நடுவிரல் நுனி வரை இழுத்து அங்கே கிள்ளுவார்கள், அது ஒரு முழம். விரலை லேசாக மடக்கினால் நாலைந்து பூ மிச்சம். பெரியவர்கள் வாங்கும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், சின்னப் பிள்ளையைக் காசு கொடுத்து அனுப்பினால் அது எங்கேயோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அப்போதும் அந்தம்மா விரலை முழுசாக நீட்டித்தான் அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏன்? 'குறைத்தால் நாளைக்குப் பிள்ளையோட அம்மா வேற ஆள்கிட்ட போயிரும்' என்று சொல்லலாம். 'ஆளாளுக்கு ஏமாற்றினால் முழத்தையே யாரும் நம்ப மாட்டார்கள், விற்கிறவர் வாங்குகிறவர் எல்லாருக்கும் நஷ்டம்' எனலாம். 'பிள்ளையென்ன பெரியவரென்ன, ஏமாற்றக் கூடாது, அவ்வளவுதான்' எனலாம். 'நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை' என்றும் சொல்லலாம்.

முதலாவது சொந்த லாபம். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு போனால் பெந்தாம், மில் என்ற இங்கிலாந்துத் தத்துவவாதிகள் வருவார்கள், ஒரு காரியத்தால் சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் சேர்த்து விளைகிற நன்மை தீமையை வைத்துத்தான் அது சரியா தப்பா என்று பார்க்க வேண்டும் என்றவர்கள். மூன்றாவதில் ஜெர்மன் தத்துவவாதி காண்ட். 1785-இல் வந்த அவருடைய நூலில் கிட்டத்தட்ட இதே உதாரணம் இருக்கிறது: விவரம் தெரியாதவரிடம் கூட விலை ஏற்றாத ஒரு கடைக்காரர், குழந்தை வந்தாலும் அவரிடம் அதே விலைதான். வியாபாரம் கெட்டுப்போகக் கூடாதே என்று அவர் நேர்மையாக இருந்தால், செய்தது சரியான காரியம்தான், ஆனால் கடமை என்பதற்காகச் செய்யாததால் அதை அறத்தின் கணக்கில் வரவு வைக்க முடியாது என்கிறார் காண்ட். நான்காவது அரிஸ்டாட்டில் பக்கம். நேர்மையான காரியங்களைச் செய்து செய்துதான் ஒருவர் நேர்மையானவர் ஆகிறார், பழக்கம் குணமாகிறது என்பது அவர் கட்சி. இந்த நாலு காரணத்தையும் முதலில் ஆட்கள் வாயாலேயே வரவழைத்துவிட்டு, பெயர்களை அப்புறம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். யோசனை சொல்லுங்கள்.

திருநகர் வாசி:

நல்ல முயற்சி அண்ணே. ஆனால் நாலு பெயரும் ஐரோப்பா. செல்லூர் மாடியில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் குறள் தெரியும். அதை விட்டுவிட்டு காண்டைத் தேடிப் போக வேண்டுமா?

உசிலம்பட்டி வாத்தியார்:

தம்பி கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் குறளை நாங்கள் பள்ளியில் நடத்துகிற மாதிரி எடுத்தால் ஒரு பிரயோசனமும் கிடையாது. பொழிப்புரையோடு ஒப்பித்தால் மதிப்பெண், அவ்வளவுதான். ஒரு குறளை இன்னொரு குறளோடு மோதவிட்டுப் பாருங்கள், அப்போதுதான் வள்ளுவர் எவ்வளவு பெரிய சிக்கலில் கை வைத்திருக்கிறார் என்று தெரியும்.

292-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.' குற்றமில்லாத நன்மை விளையுமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும். இங்கே விளைவைப் பார்க்கிறார். இப்போது 656. 'ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை.' பெற்றவள் பசியில் கிடப்பதைக் கண்ணால் பார்க்க நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கிற காரியத்தைச் செய்யாதே. இதைவிடக் கொடுமையான விளைவு ஒரு மகனுக்கு என்ன இருக்க முடியும்? அப்படியும் கோட்டைத் தாண்டாதே என்கிறார். முதல் குறள் துறவறவியலில் வாய்மை அதிகாரத்தில் வருகிறது, இரண்டாவது பொருட்பாலில் வினைத்தூய்மையில், அமைச்சனுக்குச் சொல்கிற இடத்தில் வருகிறது. அடுத்தவர் உடைமையும் உயிரும் யார் கையில் இருக்கிறதோ அவனுக்குக் கோடு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நான் இதைப் படிக்கிறேன். வேறு மாதிரியும் படிக்கலாம், கூட்டத்தில் சண்டை போடட்டும். பக்கத்திலேயே காண்ட் 1797-இல் எழுதிய கட்டுரையை வையுங்கள். கொலை செய்ய வருகிறவன் உன் நண்பன் வீட்டுக்குள் இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்ல உனக்கு உரிமை இல்லை என்று வாதாடுகிறார். 292-ஐப் படித்து வளர்ந்த நமக்கு அது ஏன் தூக்கிவாரிப் போடுகிறது என்று கேளுங்கள், ஒரு சாயங்காலம் போதாது.

ஒரே ஒரு வேண்டுகோள். 'காண்ட் சொன்னதை நம்மாள் அன்றைக்கே சொல்லிவிட்டார்' என்று மட்டும் கூட்டத்தை முடித்துவிடாதீர்கள். புறநானூறு 134-இல் முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடுகிறார்: 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்.' இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று அறத்தை விலைக்கு விற்கிற வியாபாரி இல்லை அவன். இதோடு நிறுத்தினால் காண்ட் மாதிரியே இருக்கும். அடுத்த அடிகளையும் படியுங்கள். சான்றோர் போன வழி இது என்பதால்தான் அவன் கொடுக்கிறான் என்று முடிகிறது பாட்டு. அது கடமை என்ற சட்டத்துக்குக் கட்டுப்படுவது அல்ல, மேலானவர்கள் நடந்த பாதையில் தானும் நடப்பது. அரிஸ்டாட்டிலுக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. முழுசாக அவரும் அல்ல. அந்த மிச்சத்தைப் பற்றிப் பேசுங்கள், அங்கேதான் நாம் கற்றுக்கொள்ள இருக்கிறது.

வார்டு அக்கா:

வாத்தியார் சார் சொன்ன 292-ஐ, குறள் என்று சொல்லாமலே, புற்றுநோய் வார்டில் அடிக்கடி கேட்கிறேன். ரிப்போர்ட் வந்ததும் மகனோ மருமகனோ வராண்டாவில் ஓரமாகக் கூப்பிட்டு, 'சிஸ்டர், அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிராதீங்க, வயித்துல புண்ணுன்னு சொல்லுங்க, மனசு விட்டுருவாரு' என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஒரு பெரியவர், மூன்றாவது தடவை மருந்து ஏற்ற வந்திருந்தார். ஊசி குத்துகிற கையை விட்டுவிட்டு அடுத்த கையால் தலையணையிலிருந்து முடியை எடுத்துக் காட்டி, 'ஏத்தா, புண்ணுக்கா இப்படிக் கொட்டுது?' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'நாள் கம்மின்னா சொல்லிரு, மக பேருக்கு ஒரு பத்திரம் எழுதணும், அது என் கையாலதான் நடக்கணும்' என்றார். மகன்தான் மறைக்கச் சொல்லியிருந்தவர். மகள் பேருக்கு எழுதுவது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? இந்தப் பொய்யில் விளைகிற நன்மை யாருக்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் மறுநாள் பெரியவரையும் மகனையும் ஒன்றாக உட்கார வைத்து, 'ஐயா, உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?' என்று அவரையே கேட்டார்.

படிக்கும்போது எங்களுக்கு மருத்துவ அறவியலின் நாலு கொள்கை சொல்லிக்கொடுத்தார்கள். தன்னைப் பற்றிய முடிவைத் தானே எடுக்கிற உரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. 1979-இல் போச்சாம்ப், சில்ட்ரெஸ் என்ற இரண்டு பேர் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. நாலும் நல்லதுதான், ஆனால் முதலாவதும் இரண்டாவதும் ஒன்றோடொன்று மோதும்போது எது ஜெயிக்கணும் என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. அங்கே ஆட்கள் யோசித்துத்தான் ஆகணும். 'எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, எல்லாம் என் மகன்கிட்ட பேசிக்கங்க' என்று சொல்கிற நோயாளிகளும் உண்டு. அதுவும் அவர் எடுத்த முடிவு, மதிக்க வேண்டியதுதான். மகன் எடுத்த முடிவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் கூட்டத்தில் அவசியம் பேசுங்கள், ஏனென்றால் எல்லார் வீட்டுக்கும் இது வரும்.

கோச்சடை:

நான் காலேஜில் படிக்கிறேன். எங்கள் செட்டில் அறவியல் என்றாலே டிராலி கணக்குதான். கட்டுப்பாடு இழந்து ஓடிவருகிற டிராலி வண்டி, அது வருகிற தண்டவாளத்தில் அஞ்சு பேர், பக்கத்துத் தடத்தில் ஒருத்தர், வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிடலாமா. அதில் தொடங்கினால் பசங்க ஆர்வமாக வருவாங்க. அப்புறம் பீட்டர் சிங்கர் என்ற தத்துவவாதி 1972-இல் எழுதியது. ஆழமில்லாத குளத்தில் குழந்தை முங்குது, இறங்கித் தூக்கினால் உன் துணி பாழாகும், தூக்குவியா மாட்டியா? நம்ம தெப்பக்குளத்தில் என்று வைத்துக்கொண்டாலும் எல்லாரும் தூக்குவேன் என்றுதான் சொல்வோம். அப்படியென்றால் தூரத்தில் பட்டினி கிடக்கிற குழந்தைக்கு அந்தத் துணிக் காசைக் கொடுக்காமல் இருப்பது மட்டும் எப்படிச் சரி என்கிறார். அன்றைக்கு வங்காள அகதிகளின் பட்டினியை வைத்து எழுதியது. என்னால் இதற்குப் பதில் சொல்லவே முடியவில்லை, படித்ததிலிருந்து உறுத்துகிறது.

வைகைக்கரை:

தம்பி, டிராலியில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 1967-இல் ஃபிலிப்பா ஃபுட் என்ற தத்துவவாதி அதை எழுதியது கருக்கலைப்பைப் பற்றிய கட்டுரையில், வேண்டுமென்றே ஒரு தீங்கைச் செய்வதற்கும் தெரிந்தே நடக்கவிடுவதற்கும் வேறுபாடு உண்டா என்று பார்ப்பதற்காக. அந்தக் கேள்வியைக் கழற்றிவிட்டால் வெறும் விடுகதை ஆகிவிடும். இரண்டாம் மாதம் எடுக்கலாம், ஜூடித் தாம்சன் சொன்ன பாலத்து ஆளையும் சேர்த்து. தடத்தை மாற்றலாம் என்று சொன்ன அதே ஆட்கள், பாலத்திலிருந்து ஒருவரைத் தள்ளிவிட்டு வண்டியை நிறுத்தலாமா என்றால் மாட்டேன் என்பார்கள், எண்ணிக்கை அதேதான்.

சிங்கர் உறுத்துவது நல்லதுக்குத்தான், விட்டுவிடாதே. ஒன்று மட்டும் யோசித்துப் பார். அவர் கேள்வி தனி ஆள் ஒருத்தரைப் பார்த்து, நீ என்ன கொடுப்பாய் என்று கேட்கிறது. இதே மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பணம் கட்டி வருகிறவர்களின் வரவிலிருந்தே கட்ட முடியாதவர்களுக்கும் கண் அறுவை நடக்கிற மாதிரி ஏற்பாடு வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் இரங்கிக் குளத்தில் குதிக்க வேண்டியதில்லை. உதவுவது தனி மனிதரின் கடமையா, அல்லது அப்படி ஓர் ஏற்பாட்டை உண்டாக்குவது எல்லாருக்குமான கடமையா என்று கேள்வியை விரித்தால் சிங்கருக்குப் பதில் சொல்ல ஒரு வழி கிடைக்கும். முழுப் பதில் என்று சொல்லமாட்டேன்.

மேலூர்க்காரன்:

எல்லாம் சரி, நான் நேராகவே கேட்கிறேன். நல்லது கெட்டது என்பதெல்லாம் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுகிறது. ஓர் ஊரில் மாமன் மகளைக் கட்டுவது முறை, இன்னோர் ஊரில் அது பாவம். ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. அடுத்தவன் வழக்கம் தப்பு என்று சொல்ல நாம் யார்? அப்படி இருக்கும்போது எதுக்கு இத்தனை தத்துவம்?

வைகைக்கரை:

மேலூர் அண்ணே, இந்தக் கேள்வி வந்தே தீரும் என்று தெரியும், நீங்கள் கேட்டதில் சந்தோஷம். முதலில் உங்கள் பேச்சில் எனக்குப் பிடித்தது: நம் பழக்கம்தான் உலக நியாயம் என்று நினைத்துக்கொண்டு அடுத்தவரை இளக்காரம் பண்ணாதே என்பது. அது வேண்டும். ஆனால் 'வழக்கம் மாறுகிறது' என்பது ஒரு செய்தி, 'அதனால் வழக்கம் எதுவோ அதுதான் சரி' என்பது ஒரு தீர்ப்பு. செய்தியிலிருந்து தீர்ப்புக்கு எந்தப் படியில் கால் வைத்து ஏறினீர்கள் என்று 1739-40-இல் வந்த நூலிலேயே ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவவாதி கேட்டார்.

இதை நம் ஊரில் வைத்துப் பார்ப்போம். 1939 ஜூலை 8. அ. வைத்தியநாத ஐயர் முன்னே நடக்க, தாழ்த்தப்பட்டவர்கள் என்று தள்ளி வைக்கப்பட்டிருந்தவர்களும் நாடார் ஒருவரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்கள். அதில் ஒருவர் உங்கள் மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். அதுவரைக்கும் வழக்கம் என்ன? வாசலோடு நில் என்பது. அந்த வழக்கத்துக்கு ஆள்பலம் இருந்தது, பழமை இருந்தது, சாஸ்திரம் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ராஜாஜி அரசு, உள்ளே விட்டவர்கள்மேல் நடவடிக்கை வராமல் காப்பாற்ற அவசரச் சட்டமும் அதே ஆண்டிலேயே தனிச் சட்டமும் கொண்டுவர வேண்டியிருந்தது. சரி, ஊர் வழக்கம்தான் அறம் என்றால், ஜூலை 7 ராத்திரி வரை அவர்களை வெளியே நிறுத்தியது சரி, 8-ஆம் தேதி உள்ளே போனவர்கள் செய்தது குற்றம், சட்டம் வந்ததும் அது மறுபடி சரியாகிவிட்டது என்று ஆகும். உங்களால் அப்படிச் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. அவர்களை வெளியே நிறுத்தியது எல்லாரும் ஒத்துக்கொண்டிருந்த காலத்திலும் அநியாயம்தான், யாரும் வாய் திறக்காத காலத்திலும் அநியாயம்தான். வழக்கத்தை எதிர்த்து ஒருவர் கேள்வி கேட்டார் என்றாலே, வழக்கத்துக்கு வெளியே ஏதோ ஓர் அளவுகோலை நம்பித்தான் கேட்டிருக்க முடியும்.

பெந்தாம், மில் சொன்ன விளைவுக் கணக்குக்கும் இந்த இடத்தில்தான் சோதனை. கோயிலுக்குள் போனது சில பேர், மனம் புண்பட்டது பல பேர், கூட்டிக் கழித்தால் போயிருக்கக் கூடாது என்று ஒருவர் சொல்லலாமே? சொல்லத்தான் செய்தார்கள். 1859-இல் மில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். தன் நம்பிக்கைப்படி நடக்க ஒருவருக்கு இருக்கிற விருப்பமும், அவர் அப்படி நடப்பது பிடிக்காமல் இன்னொருவருக்கு வருகிற எரிச்சலும் ஒரே தட்டில் வைக்கிற சரக்கல்ல, பணப்பையைத் திருட நினைக்கிறவன் ஆசைக்கும் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைக்கிற உடையவன் ஆசைக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் என்கிறார். எனக்கு இன்னும் வலுவாகப் படுவது 1971-இல் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி எழுதியது. ஒரு விதியை வகுக்கும்போது நீ எந்தச் சாதியில், எந்த வீட்டில், எவ்வளவு காசோடு பிறப்பாய் என்று உனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள். கோபுர வாசலுக்கு உள்ளே நிற்பாயா வெளியே நிற்பாயா என்பதே தெரியாது. அப்போது 'இன்னார் உள்ளே வரக் கூடாது' என்ற விதிக்கு நீ கையெழுத்துப் போடுவாயா? ஒருத்தரும் போட மாட்டோம். அந்த விதியை இதுநாள்வரை தாங்கிப் பிடித்தவர்கள் எல்லாரும் தாங்கள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தவர்கள். இந்த ஒரு கேள்வியை மாடியில் எல்லாரும் அவரவர் வீட்டு விஷயத்துக்குப் போட்டுப் பார்த்தாலே எனக்குப் போதும், சொத்துப் பிரிப்பதிலிருந்து தறிக்கூலி வரைக்கும்.

திருநகர் வாசி:

ரால்ஸைத் தறிக்கூலிக்குப் போட்டுப் பார்க்கிற கூட்டத்துக்கு நானும் வருகிறேன் அண்ணே. நேரம் சொல்லுங்கள்.

மேலூர்க்காரன்:

கக்கன் பெயரைச் சொல்லி மடக்கிவிட்டீர்கள், அந்தக் காரியம் தப்பு என்று எங்கள் ஊரில் எவனும் சொல்ல மாட்டான். ஆனாலும் என் கேள்வி முழுசாகத் தீரவில்லை. அளவுகோல் வழக்கத்துக்கு வெளியே இருக்கிறது என்றால் அதை யார் கையில் கொடுப்பது? அறத்தின் பேரால்தானே கண்ணகி இந்த ஊரையே எரித்தாள். ராஜா செய்த தப்புக்கு ஊர் ஜனம் என்ன பண்ணும்?

உசிலம்பட்டி வாத்தியார்:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். 'பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் சேர்' என்று கண்ணகி தீக்கு ஆணை இடுவதாக இளங்கோ எழுதுகிறார். உங்களுடைய இதே கேள்வி அவரையும் குடைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பட்டியலுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் பட்டியலில் இல்லாத ஒரு சாதாரணக் கைத்தொழிலாளி தீயவரா? அதற்குக் காப்பியத்தில் நேரான பதில் இல்லை. அவையில் நடந்தது தெரியாத ஆளைத் தண்டிக்க நியாயம் இல்லை என்பது என் கட்சி.

பாண்டியன் விஷயத்தில் வேறு ஒன்றும் இருக்கிறது. அவன் அறியாமல் செய்தான் என்று சொல்லித்தான் பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். அரசியின் ஊடலைத் தீர்க்கப் போகிற அவசரத்தில், பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, விசாரிக்காமல் 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்றான். அறியவில்லை, சரி. அறிந்துகொள்ள அவனுக்கு வழி இருந்ததா இல்லையா? குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுகிறார், ஏனென்றால் அந்த அறியாமை அவனே வரவழைத்துக்கொண்டது. விசாரிக்கிற பொறுப்பு தன் கையில் இருந்தும் விசாரிக்காதவனுக்கு 'எனக்குத் தெரியாது' என்பது சாக்கு ஆகாது. பாண்டியன் இதைத் தானே உணர்ந்து 'யானோ அரசன் யானே கள்வன்' என்று உயிரை விட்டான், அந்த மட்டில் அவன் பெரியவன். நீங்கள் கேட்ட 'யார் கையில் கொடுப்பது' என்பதற்கும் இங்கே கொஞ்சம் பதில் இருக்கிறது. யார் கையில் கொடுத்தாலும், எதிரில் வந்து நின்று கேட்க ஆள் வேண்டும், கேட்டால் காது கொடுக்கிற அவை வேண்டும்.

வார்டு அக்கா:

விசாரிக்காமல் விட்டதும் குற்றம்தான் என்பதை எங்கள் டூட்டி ரூமில் எழுதியே ஒட்டலாம் சார். வைகைக்கரை தம்பி, பூக்காரம்மாவில் தொடங்குங்கள், எந்த ஆட்சேபமும் இல்லை. முடிந்தால் அவர்களையும் ஒரு வாரம் கூப்பிடுங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் மல்லிகை விலை ஏறும்போது வாடிக்கைக்காரருக்கு ஒரு விலை, புதுசாக வருகிறவருக்கு ஒரு விலை என்று கொடுப்பது நியாயமா என்று அவர்களையே கேட்கலாம், அதைப் பற்றி நம் எல்லாரையும்விட அதிகமாக யோசித்திருப்பார்கள்.

வைகைக்கரை:

கட்டாயம் கூப்பிடுகிறேன் அக்கா. அப்போ முதல் கூட்டத்துக்குப் பூ, இரண்டாவதுக்கு நீங்கள் சொன்ன பெரியவர், கூடவே 292-உம் 656-உம். மூன்றாவது 1939. டிராலியும் சிங்கரும் அதற்கு அப்புறம், கோச்சடைத் தம்பி நடத்தட்டும். கண்ணகி வழக்குக்குத் தனியாக ஒரு ஞாயிறு வேண்டும். வாத்தியார் சார் கண்ணகி பக்கம் பேசுகிறாரா?

உசிலம்பட்டி வாத்தியார்:

பேசுகிறேன். ஊரை எரித்ததை மட்டும் என்னை ஆதரிக்கச் சொல்லாதீர்கள்.

மேலூர்க்காரன்:

அப்படியென்றால் பாண்டியன் பக்கம் நான். அவன் விசாரிக்காதது தப்புதான், அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுதான் பேசுவேன். ஆனால் எரிந்த வீட்டுக்காரர்கள் பக்கமும் ஒரு ஆளை உட்கார வையுங்கள், அவர்கள் வழக்கை இதுவரை யாரும் எடுத்து நடத்தியதாகத் தெரியவில்லை. ஞாயிறு எத்தனை மணிக்கு? மேலூரிலிருந்து பஸ் பிடித்து வரணும்.